ஒரு டயாலிசிஸ் இயந்திரத்துக்கு சி.எஸ்.ஆர். நிதி: முதல் கடிதத்திலிருந்து கடைசிக் கணக்கு வரை

தாலுகா அரசு மருத்துவமனைக்கு ஒரு மருந்துக் கம்பெனியிடமோ தனியார் ஆஸ்பத்திரிக் குழுமத்திடமோ சி.எஸ்.ஆர். நிதி (பெரிய கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம்) கேட்டுப் பெற நினைக்கும் சிறு அறக்கட்டளைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் டிரஸ்ட் இந்த வேலையை முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. அதில் ஏழெட்டு மாதம் வரிசை தப்பியதால் மட்டுமே போனது. அதன்பிறகு யோசனை கேட்டு வந்தவர்களும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். எடுத்ததும் கம்பெனி வாசலில் போய் நிற்கிறார்கள். கம்பெனி நான்காவது படி.

உதாரணத்துக்கு டயாலிசிஸ் பிரிவை எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்ரே, ஸ்கேன், பிறந்த குழந்தைகளுக்கான வார்மர் எதுவானாலும் வரிசை இதுதான். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. முதலில் மருத்துவமனையைக் கேளுங்கள்

"இயந்திரம் தருகிறோம், வைத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் எந்தத் தலைமை மருத்துவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த ஊரிலிருந்து டயாலிசிஸுக்காக மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இப்போது எத்தனை பேர் போகிறார்கள்? வாரத்துக்கு எத்தனை முறை? இங்கே யார் அவர்களைப் பார்ப்பார்?

பதில் கிடைத்ததும் எழுத்தில் ஒரு கோரிக்கைக் கடிதம் வாங்குங்கள். தாலுகா மருத்துவமனை என்றால் தலைமை மருத்துவர் எழுதி, மாவட்டத்தின் இணை இயக்குநர் (நலப்பணிகள்) வழியாக வர வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். இடம் எது, கருவியை இயக்கும் ஆள் யார், பொருத்தியபின் தங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வார்களா என்ற மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கும் சொத்து யார் கையில் இருக்கலாம் என்பதை 2021 ஜனவரியில் திருத்திய விதிகள் வரையறுத்துவிட்டன. சி.எஸ்.ஆர். பதிவு எண் உள்ள அறக்கட்டளை, சங்கம் அல்லது லாப நோக்கற்ற நிறுவனம், பயனாளிகளின் சுய உதவிக் குழு போன்ற கூட்டமைப்பு, அரசு அமைப்பு ஆகியவற்றின் பெயரில் மட்டுமே சொத்து நிற்கலாம். கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. தெரிந்த டாக்டரின் நர்சிங் ஹோமில் வைப்பதும் முடியாது. ஆகவே பெற்றுக்கொள்பவர் யார் என்று தெரியாத விண்ணப்பத்தைக் கம்பெனி இரண்டாம் பக்கத்துக்கு மேல் புரட்டாது.

2. இயந்திரத்தைச் சுற்றி இருப்பதை எண்ணுங்கள்

எங்கள் ஏழெட்டு மாதம் போனது இங்கேதான். இயந்திரத்துக்கு மட்டும் விலை வாங்கி வைத்திருந்தோம். அறையைப் பார்க்க வந்த பொறியாளர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எங்கேருந்து வரும்?"

டயாலிசிஸ் இயந்திரம் தண்ணீரில் ஓடுவது. வழக்கமாக நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் கரைசல் ஓடும். நான்கு மணி நேரம் என்றால் ஒரு நோயாளிக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர். ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரையும் இயந்திரத்தைக் கழுவும் தண்ணீரையும் சேர்த்தால் இதைப்போல இரு மடங்குக்கு மேல் கச்சா நீர் வேண்டும். இரண்டு இயந்திரம், நாளைக்கு இரண்டு ஷிப்டு என்று போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஆயிரம் லிட்டர். சித்திரை வைகாசியில் அந்த ஊர் போர்வெல் தாங்குமா? தண்ணீரில் உப்பு எவ்வளவு? பரிசோதனை அறிக்கை இல்லாமல் ஆர்.ஓ. பிளான்டுக்கு யாரும் சரியான விலை சொல்ல மாட்டார்கள். குத்துமதிப்பாகச் சொன்னால் பின்னால் ஏறும்.

அடுத்தது மின்சாரம். நோயாளியின் ரத்தம் உடலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகக் கூடாது. ஜெனரேட்டர் எடுக்கும் சில நொடிகளைத் தாங்க யு.பி.எஸ். வேண்டும். ஆர்.ஓ. பம்பையும் ஏ.சி.யையும் சேர்த்தால் மருத்துவமனையின் தற்போதைய மின் சுமை போதுமா என்பதைப் பொதுப்பணித் துறையின் மின்பிரிவு பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு எண்ணிக்கை. நாளைக்கு இரண்டு ஷிப்டு, மாதம் 26 நாள் என்றால் ஓர் இயந்திரத்தில் 52 தடவை. வாரம் இரண்டு முறை வரும் நோயாளிக்கு மாதம் எட்டு ஒன்பது தடவை தேவை. ஆக ஓர் இயந்திரம் ஆறு பேரைத் தாங்கும், அதற்கு மேல் இல்லை. விண்ணப்பத்தில் "நூற்றுக்கணக்கானோர் பயனடைவர்" என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை. படிக்கும் அதிகாரி போட்டிருப்பார்.

இன்னொன்று: ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி இயந்திரம், தனி இடம் வேண்டும். ஒரே இயந்திரம் கேட்டு வாங்கினால் ஹெபடைடிஸ் பி உள்ள முதல் நோயாளியை வாசலிலேயே திருப்பி அனுப்ப நேரும். எத்தனை இயந்திரம் கேட்பது என்பதை முடிவுசெய்யும் முன் மருத்துவரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் பாகம்), ரத்தம் ஓடும் பிளாஸ்டிக் குழாய், கரைசல், ஊசி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் எல்லாம் மாதாமாதம் தீரும் பொருள்கள். இவற்றை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக மருத்துவமனை ஈடுகட்டுமா, யார் கொள்முதல் செய்வார் என்று எழுத்தில் வாங்குங்கள். டெக்னீஷியன் சம்பளத்துக்கும் இதே கேள்வி. பூட்டிய அறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கும் இயந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் காரணம் பெரும்பாலும் ஆளோ தண்ணீரோ இல்லை என்பதாகவே இருக்கும்.

வேறு கருவி என்றால் சட்டம் வேறு. எக்ஸ்ரே, சி.டி. இரண்டுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான இடத்துக்கு மட்டுமே தரலாம். இலவசமாகத் தந்தாலும் இந்த விதி பொருந்தும். நல்ல மனசோடு பதிவில்லாத கிளினிக்குக்கு ஸ்கேன் கொடுத்தால் கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார்.

3. உங்கள் காகிதங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

வேண்டியவை: டிரஸ்ட் பத்திரம், பான், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், கடந்த மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, வருமான வரிக் கணக்கு, அறங்காவலர் பட்டியல், சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண். தொண்டு நிறுவனங்கள் நிதி ஆயோக் தளத்தில் பதிந்து பெறும் தர்ப்பண் எண்ணையும் பல கம்பெனிகள் கேட்கின்றன.

சி.எஸ்.ஆர்.-1 என்பது மத்திய கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் போடும் படிவம். 2021 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாத அமைப்பு வழியாக எந்தக் கம்பெனியும் சி.எஸ்.ஆர். திட்டத்தை நிறைவேற்ற முடியாது. அறங்காவலரின் டிஜிட்டல் கையெழுத்தும் ஆடிட்டரின் சான்றும் போதும். தாமதமாக்குவது பெரும்பாலும் பெயர். பத்திரத்தில் "அறக்கட்டளை", பானில் "டிரஸ்ட்", வங்கிக் கணக்கில் "சாரிட்டபிள் டிரஸ்ட்" என்று மூன்று விதமாக இருக்கும். நமக்கு மூன்றும் ஒன்று, கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு மூன்று பேர். பான் திருத்தத்துக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

12ஏ, 80ஜி இரண்டும் முன்போல நிரந்தரம் இல்லை, காலாவதித் தேதி உண்டு. திட்டம் ஓடும் நடுவில் முடியுமானால் இப்போதே ஆடிட்டரிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் டிரஸ்ட் புதிது என்றால் ஒரு தடை இருக்கிறது. வெளியார் நடத்தும் அறக்கட்டளைக்கு இதே மாதிரி வேலையில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்கிறது விதி. ஆண்டு அறிக்கையைப் பின்தேதியிட்டுத் தயாரிக்கும் யோசனை யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நேர்வழி ஒன்று உண்டு. கம்பெனி தானே நேரடியாகத் திட்டத்தைச் செய்யலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது. கம்பெனி இயந்திரத்தை வாங்கி அரசு மருத்துவமனைக்கு ஒப்படைக்கட்டும், நீங்கள் பாலமாக மட்டும் நில்லுங்கள். உங்கள் பெயர் பலகையில் வராது. நோயாளிக்கு அதனால் ஒன்றும் குறையாது.

4. எந்தக் கம்பெனி?

கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு வகுத்த அளவு இது: முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும். முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை அந்தக் கம்பெனி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மருத்துவம், நோய்த்தடுப்பு, சுகாதாரம் எல்லாம், எந்தெந்தப் பணி சேரும் என்று அந்தச் சட்டம் பட்டியலிடும் ஏழாம் அட்டவணையின் முதல் இனத்திலேயே வருகின்றன. எனவே மருத்துவத்துக்குத் தருவதற்கு அது மருத்துவக் கம்பெனியாக இருக்கத் தேவையில்லை. டயர் கம்பெனியும் தரலாம். இதை மறந்து மருந்துக் கம்பெனிகளையே சுற்றிச் சுற்றி வருபவர்கள் அதிகம்.

தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்வதால் வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் ஆலை வைத்திருக்கும் கம்பெனிக்குத் திருப்போரூர் வட்டாரத்தில் ஒரு மருத்துவமனை என்றால் தங்கள் சி.எஸ்.ஆர். குழுவுக்கு விளக்கம் சொல்வது சுலபம். அதே கம்பெனியிடம் தென்காசிக்குக் கேட்டால் கூடுதலாக ஒரு காரணம் நீங்கள் தர வேண்டும்.

அடுத்து கம்பெனியின் இணையதளம். சி.எஸ்.ஆர். கொள்கை, குழு உறுப்பினர்கள், ஒப்புதலான திட்டங்கள் மூன்றையும் வெளியிட வேண்டும் என்பது விதி. மூன்று வருடப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் பள்ளிக் கழிப்பறை மட்டுமே கட்டியிருந்தால் உங்கள் நேரத்தை வேறிடத்தில் செலவிடலாம்.

அயல்நாட்டுக் கம்பெனி என்றாலே எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பயம் வந்துவிடுகிறது. இந்தியாவில் பதிவான துணை நிறுவனம், அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருந்தால் அதன் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. 2016இல் வந்த திருத்தம் அது. ஆனால் அதன் தாய் நிறுவனமோ வெளிநாட்டில் உள்ள அறக்கட்டளையோ நேராக அனுப்பினால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கட்டாயம். பணம் யார் கணக்கிலிருந்து வருகிறது என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

5. எப்போது கேட்பது?

பிப்ரவரி, மார்ச்சில் போனால் மிச்சப் பணம் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சில சமயம் கிடைக்கும். ஆனால் உங்களிடம் கொடுத்தாலே செலவு ஆகிவிடாது. மார்ச் 31க்குள் நீங்கள் செலவழித்தால்தான் கம்பெனிக்கு அது செலவுக் கணக்கு. ஆர்.ஓ. பிளான்டை ஐந்து வாரத்தில் கட்ட முடியாது.

கம்பெனியின் குழு அந்த வருடத்துக்கான செயல்திட்டத்தை நிதியாண்டுத் தொடக்கத்தில் முடிவுசெய்கிறது. அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரியில் உங்கள் கோப்பு அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். டயாலிசிஸ் போன்ற வேலையை ஒரே வருடத்துக்குள் திணிக்காமல் "தொடர் திட்டம்" என்று கேளுங்கள். தொடங்கும் வருடம் போக மூன்றாண்டு வரை நீளலாம். செலவாகாத தொகையைக் கம்பெனி ஏப்ரல் 30க்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவைக்கும். தொடர் திட்டம் இல்லையென்றால் மிச்சம் செப்டம்பர் 30க்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற, ஏழாம் அட்டவணையில் சொன்ன நிதிக்குப் போய்விடும், உங்களுக்குத் திரும்பாது.

6. திட்ட அறிக்கை

நான்கு பக்கம் போதும். தேவை, இடம், யார் இயக்குவார், பட்ஜெட், மூன்றாண்டுக்குப் பிறகு யார் பொறுப்பு. டிரஸ்ட் தலைவர் பொன்னாடை வாங்கும் படம் வேண்டாம்.

பட்ஜெட்டில் எல்லோரும் செய்யும் பிழை அந்த 5 சதவீதம். "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாதாமே" என்று பயந்து டெக்னீஷியன் சம்பளத்தையே வெட்டிவிடுகிறார்கள். அந்த வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க ஆகும் செலவு அதில் சேராது. டெக்னீஷியன் சம்பளம், தண்ணீர்ப் பரிசோதனை, பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் திட்டச் செலவுதான். தயங்காமல் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் தனி வரியாக.

பராமரிப்பில் ஏ.எம்.சி., சி.எம்.சி. இரண்டையும் குழப்பாதீர்கள். முதலாவதில் ஆள் வந்து பார்ப்பார், உதிரிப் பாகத்துக்குத் தனிக் காசு. இரண்டாவதில் பாகமும் சேரும். வாரண்டி முடிந்தபின் மூன்றாண்டு சி.எம்.சி. விலையை இயந்திரம் வாங்கும் கொட்டேஷனிலேயே கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை.

மூலதன நிதியாக, அதாவது வைப்பில் போட்டு வட்டியில் நடத்த, பணம் கேட்காதீர்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு அது சி.எஸ்.ஆர். செலவாக ஏற்கப்படுவதில்லை.

7. மருத்துவத் துறைக் கம்பெனி என்றால் கூடுதல் கவனம்

ஒரு கம்பெனி எங்களிடம், "பணம் வேண்டாம், எங்கள் சரக்கையே தருகிறோம்" என்றது. காதுக்கு இனிமையாக இருந்தது. பொருளாகத் தருவதற்கு விலை போட்டு சி.எஸ்.ஆர். செலவாகக் காட்ட முடியாது என்று அமைச்சகம் 2021 ஆகஸ்ட் விளக்கத்தில் சொல்லியிருக்கிறது. கம்பெனியின் வழக்கமான வியாபாரமும் சி.எஸ்.ஆர். ஆகாது. ஆகவே அப்படி வரும் பொருள் வெறும் நன்கொடை. வாங்கலாம், ஆனால் சி.எஸ்.ஆர். ஒப்பந்தத்தில் கலக்காதீர்கள்.

மருந்தாக வந்தால் அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பாருங்கள். நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் நெறி. மூன்று மாதம் மிச்சமுள்ள சரக்கைத் தள்ளிவிட்டால், அதை அழிக்கும் செலவு மருத்துவமனை தலையில் விழும்.

இயந்திரம் இலவசம், ஆனால் அதற்குப் பொருந்தும் டயலைசர் அவர்களிடம் மட்டும்தான் கிடைக்கும் என்பது இன்னொரு வகை. எந்தக் கம்பெனியின் டயலைசரும் குழாயும் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பேச்சு எப்போதாவது "டாக்டர் சாருக்கு ஏதாவது" என்று திரும்பினால் அங்கேயே நிறுத்துங்கள். மருத்துவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மருந்துக் கம்பெனிகள் பரிசு தரக் கூடாது என்று 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நடைமுறைக் குறியீடு சொல்கிறது. கோரிக்கைக் கடிதம் மருத்துவமனையின் பெயரில் இருக்க வேண்டும், மருத்துவரின் பெயரில் அல்ல.

பலகை விஷயம் சின்னதாகத் தெரியும், சண்டை இதில்தான் வரும். விளம்பர லாபத்துக்கான ஸ்பான்சர்ஷிப் சி.எஸ்.ஆர். ஆகாது. "இன்னாரின் சி.எஸ்.ஆர். நிதியில்" என்று ஒரு சிறு பலகை, அளவை மருத்துவமனை முடிவுசெய்யட்டும். மருந்தின் பிராண்டு பெயர் சுவரில் ஏறக் கூடாது.

8. ஒப்பந்தம்

எம்.ஓ.யூ.வை முழுதும் படியுங்கள். தவணைகள் எந்த வேலை முடிந்தால் வரும் என்பதை மட்டும் மூன்று தடவை படியுங்கள். "நிறுவல் முடிந்தபின் 60 சதவீதம்" என்று இருந்தால் இயந்திரத்துக்கு முன்பணம் யார் கட்டுவது? சிறு டிரஸ்டால் முடியாது. கம்பெனியே விற்பனையாளருக்கு நேரடியாகக் கட்டும் ஏற்பாட்டைக் கேளுங்கள். முடிந்தால் மருத்துவமனையையும் மூன்றாம் தரப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். தலைமை மருத்துவர் மாற்றலாகிப் போனாலும் ஒப்பந்தம் நிற்கும்.

இந்தப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திறங்கள். அதில் சேரும் வட்டியும் திட்டத்துக்கே உரியது.

9. வாங்குவதும் பொருத்துவதும்

மூன்று கொட்டேஷன், ஜி.எஸ்.டி., போக்குவரத்து, பயிற்சி சேர்த்து. மூன்றும் ஒரே அச்சகத்தில் அடித்த லெட்டர்ஹெட் போலிருந்தால் கம்பெனி தணிக்கையாளர் கண்டுபிடிப்பார். அறங்காவலரின் உறவினர் விற்பனையாளராக இருந்தால் ஒதுங்கச் சொல்லுங்கள்.

அறை, கழிவுநீர்க் குழாய், ஆர்.ஓ., மின்சாரம், பிறகு இயந்திரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இயந்திரம் வந்த நாளிலிருந்து வாரண்டி ஓடத் தொடங்கிவிடும். அறை தயாராக ஆறு மாதம் ஆனால் அந்த ஆறு மாதம் போனது. "வாரண்டி நிறுவிய தேதியிலிருந்து" என்று பர்சேஸ் ஆர்டரில் எழுதுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் நாடா வெட்டுவதற்கு முன் இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு பதிவு ஏறட்டும். அந்தப் பக்கத்தின் நகல்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

10. கணக்குக் கொடுப்பது

பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டும். அவர் உங்களை நச்சரிப்பதற்குக் காரணம் அதுதான். ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்று, அதாவது யூ.சி., யூடின் எண்ணோடு (ஆடிட்டர் தரும் ஒவ்வொரு சான்றுக்கும் உரிய தனி அடையாள எண்) இருக்க வேண்டும். பில்லில் வாங்குபவர் பெயர் டிரஸ்ட், சொத்து மருத்துவமனையில்; நடுவில் ஒப்படைப்புக் கடிதம். மூன்றும் சேர்ந்தால்தான் சங்கிலி முழுமை.

திட்டத்தால் என்ன பலன் கிடைத்தது என்று ஆராயும் தாக்க மதிப்பீட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். மூன்றாண்டு சராசரியில் 10 கோடி அல்லது அதற்கு மேல் சி.எஸ்.ஆர். கடமை உள்ள கம்பெனி, 1 கோடி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டத்துக்குத்தான் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆனாலும் தொடங்கும் முன்பு நோயாளிகள் எவ்வளவு தூரம் போனார்கள், பேருந்துக்கும் கூலி இழப்புக்கும் எவ்வளவு ஆனது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிறகு கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. அறிக்கையில் நோயாளியின் பெயரும் முகமும் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

இயந்திரத் திரையில் ஓடிய மணி நேரம் தெரியும். மாதக் கடைசி நாளில் அதைப் போனில் படம் எடுத்து அனுப்பும்படி டெக்னீஷியனிடம் சொல்லிவையுங்கள். எங்களுக்கு மாதத்தில் ஓடிய மணி நேரம் ஒரு தடவை 200இலிருந்து 90க்கு இறங்கியது. மருத்துவமனையிலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. நேரில் போய்ப் பார்த்தோம், ஆர்.ஓ. மெம்ப்ரேன் அடைத்திருந்தது.